ஒற்றைச் செடியில் அடுக்குப் பூ

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையோரம் என் நர்சரி இருக்கிறது. வாரத்துக்கு நாலு பேராவது ஒரே புலம்பலோடு வருவார்கள். "வீட்டு வடக்குப் பக்கம் வெயிலே படாது மேடம், அங்க என்னா வச்சாலும் செத்துப் போவுது." நான் யோசிப்பதே இல்லை. குட்டை நந்தியாவட்டை, கனகாம்பரம், டிசம்பர் பூச்செடி வையுங்கள், ஓரத்தில் காமினிச் செடியை வேலி மாதிரி நட்டு கத்தரித்துக்கொண்டே வந்தால் வருஷம் முழுக்கப் பச்சை இருக்கும் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் கை மட்டும் முன்வரிசையில் வெயிலில் பூத்துக் குலுங்கும் செடியின் மேலேயே போகும். கையைத் தட்டிவிடாத குறையாக, பின்னால் நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குக் கீழே நிற்கும் பூவில்லாத செடியை எடுத்துக் கொடுப்பேன். முகம் சுளித்துக்கொண்டு போனவர்கள்கூட ஆறு மாதம் கழித்து இன்னும் இரண்டு கேட்டு வந்திருக்கிறார்கள். நிழல் விஷயத்தில் நான் தோற்றதில்லை. ஒரே ஒரு தடவை தோற்றேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, தோற்றது எனக்கே தெரியாது.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலாமரம் இருந்தது. அம்மாவுக்குச் சொந்த ஊர் பலாவுக்குப் பேர்போன காடாம்புலியூர். கல்யாணமாகி வந்த மறுவருஷம் பிறந்த வீட்டுத் தோப்பிலிருந்து கன்றாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த மரம் அது. மண் மாறியதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாமல் மளமளவென்று வளர்ந்து வாசலை மூடிக்கொண்டது. அதன் அடியில் எதுவும் பூக்கவில்லை. அப்பா வைத்த ரோஜா வெளுத்து நீண்டு செத்தது. செவ்வந்தி வந்த வேகத்தில் போனது. செம்பருத்தி இரண்டு வருஷம் வெறும் இலையாகவே நின்றது.

அப்பாவோ பூ இல்லாமல் சாமி கும்பிட மாட்டார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி கிளம்புவதைப் போலவே அவரும் ஐந்தரைக்குப் பூக்குடலையோடு தெருவில் இறங்குவார், மதிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளில் எல்லாம் பறித்துக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் அது திருட்டில் சேராது. சாமிக்கு என்று பறித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது வீட்டு ரிட்டயர்டு டீச்சர் ஒருநாள் திறந்துவிட்டார். அவர் வீட்டு மதிலில் அடுக்கு நந்தியாவட்டை ரோஜா மாதிரி சுருண்டு சுருண்டு வெள்ளையாகப் பூக்கும். பால் வாங்க நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "சாமிக்குத்தானே பறிக்கிறீங்க, ஒரு வார்த்த கேட்டுட்டுப் பறிச்சா கொறஞ்சா போவீங்க சார்?" என்று கேட்டார். நல்ல குரலில்தான் கேட்டார். அப்பா குடலையைக் கவிழ்த்துப் பிடித்தபடி திரும்பி வந்தார். அன்றோடு தெருவில் பூப்பறிப்பது நின்றது.

அன்று சாயங்காலமே, மரத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். வெயில் விழுந்தால் நம் வாசலிலேயே பூக்கும், இன்னொருத்தர் வாசலைப் பார்க்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அதுமேல கோடாலி பட்டுச்சுன்னா நான் எங்க ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்போது இருவதுக்கு ஒரு வண்டி இருக்குது. சேத்தியாத்தோப்பு, வடலூர் வழி."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அம்மா சொன்னதைச் செய்கிறவள், அப்பா சொன்ன நேரம் தவறாதவர். இருவருமே விளையாட்டுக்குப் பேசுகிறவர்கள் இல்லை. அழுதுகொண்டே போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். பொங்கலன்று காலையில் சாமிக்கு வைக்க அந்த நிழலில் ஒரு பூ இருக்க வேண்டும். இருந்தால் மரம் நிற்கும், இல்லாவிட்டால் போகும். அப்போது ஐப்பசி மாதம். மரம் வெட்டுகிறவர் வந்து அடிமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் அன்றைக்குச் செய்ததைத்தான் இன்றைக்கும் தொழிலாகச் செய்கிறேன். நிழலில் எது பூக்கிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்தேன். பள்ளிக்கூடத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கனகாம்பரம் பூத்திருந்தது. தபாலாபீஸ் சந்தில் வெயிலே எட்டாத மூலையில் நந்தியாவட்டை பூத்திருந்தது. எல்லாவற்றையும் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று சக்கர வண்டியில் செடி விற்கிறவர் வந்தபோது அம்மா பூத்திருந்த ரோஜாவைத் தொட்டாள். நான் கையைத் தட்டிவிட்டேன். மற்ற செடிகளுக்கு அடியில் கரும்பச்சையாக அமுங்கிக் கிடந்த மூன்று குட்டை நந்தியாவட்டையையும் இரண்டு கனகாம்பரத்தையும் இழுத்து வெளியே வைத்தேன். "இதுல பூவே இல்லியே பாப்பா" என்றார் அவர். "நெழல்லயே இருந்து பழகிருக்குது, அதான் வேணும்" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். ஆனால் சரியான திமிர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செடிகள் பிடித்துக்கொண்டன. பலா வேரைக் கிள்ளாமல் மண்ணை மேடாக்கி, சருகு போட்டு நட்டிருந்தேன். மார்கழியில் கனகாம்பரம் பூத்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அப்பாவை இழுத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது தலைக்கு வைக்கிறது. சாமிக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். ஐந்து நிமிஷம் அவரைப் பிடிக்காமல் போனது எனக்கு.

நந்தியாவட்டையில் இலை பளபளத்தது. மொட்டுக்கூட வந்தது. அரிசியளவில் வந்து அப்படியே நின்றது. நிழலில் அது மெதுவாகத்தான் வரும், அவசரப்படுத்த முடியாது என்று இப்போது வாடிக்கையாளர்களுக்கு அமர்த்தலாகச் சொல்கிறேன். போகி வரைக்கும் அந்த மொட்டுகளை நான் பார்த்த பார்வைக்கு அவை கருகாமல் இருந்ததே பெரிது. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை.

போகியன்று பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு அம்மாவின் தம்பி வந்தார். என் மாமா பலாப்பழ மண்டியில் இருந்தார், முற்றாத காயையும் முற்றியது என்று சத்தியம் செய்து விற்கிறவர். விஷயத்தைக் கேட்டதும், "அட, இதுக்கா அக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகிட்டு இருக்க" என்றார். பொங்கலன்று ஐந்து மணிக்கு என்னை எழுப்பினார். அவர் துண்டில் ஏழெட்டு வெள்ளைப் பூக்கள் இருந்தன. டீச்சர் வீட்டு மதிலில் பறித்தது என்று கண்ணைச் சிமிட்டினார். நான் வாழைநாரைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, அவர் ஒவ்வொரு பூவாகக் காம்போடு கிளைநுனியில் வைத்துக் கட்டினார். முடிச்சை இலைக்குள் மறைத்தார். தள்ளி நின்று பார்த்தால் செடி பூத்துச் சிரித்தது.

ஒற்றைச் செடியில் அடுக்குப் பூ பூக்காது. நான் வாங்கியவை ஐந்து இதழ்ப் பூ விடும் ஒற்றை நந்தியாவட்டை. இன்றைக்கு என் கடைப் பக்கம் ஒதுங்குகிற பள்ளிப்பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லி அனுப்புவேன். அன்றைக்கு எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

ஐந்தரைக்கு அப்பா குடலையோடு வந்தார். வாசல் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து முதல் பூவைத் தொட்டார். விரல் காம்போடு இறங்கி இலைக்குள் போய் வந்தது. மாமா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. அப்பா முடிச்சுக்கு மேலே பதமாகக் கிள்ளி, ஒன்று விடாமல் பறித்துக் குடலையில் போட்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "பூத்துருக்குது" என்றார். "மரம் வெட்ட வர்றவன வேணாம்னு சொல்லிடறேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொங்கல் வைக்கப் போனாள். சந்தோஷத்தில் நான் மூன்று கரும்பு தின்று வாயெல்லாம் புண்ணாக்கிக்கொண்டேன். பெட்டி பரணுக்கு ஏறியது. "மச்சான், ஒங்க பொண்ணு கை ராசிக்கார கை" என்று சொல்லிவிட்டு மாமா மத்தியான வண்டியில் ஊருக்குப் போய்விட்டார்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, நாளைக்கும் ஐந்தரை வரும். நாளைக்கு யார் கட்டுவது? அப்படியே தூங்கிப்போய், ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் முழித்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூன்று செடியிலும் சேர்த்து ஐந்து பூ இருந்தது. கட்டியதுதான், ஆனால் நாரில் இல்லை, மெல்லிய வெள்ளை நூலில். அப்பா டிப்போவிலிருந்து கொண்டுவரும் டிரிப் ஷீட் காகிதக் கட்டுகளில் சுற்றியிருக்கிற நூல் மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் அம்மா செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். நான் செய்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே களவில் இருக்கிற இரண்டு பேர் கேள்வி கேட்டுக்கொள்வதில்லை. அப்பா வந்தார், பறித்தார், "இன்னைக்கும் பூத்துருக்குது" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். தினமும் அப்படித்தான் நடந்தது. அந்த நாட்களில்தான் அவர் புதிதாக வாக்கிங் ஆரம்பித்திருந்தார். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பி, பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவார். டாக்டர் சொன்னாராம்.

மாசியில் நிஜமாகவே மொட்டு விரிந்தது. முதல் நாளே நான்கு பூ, ஐந்தைந்து இதழ். முன்பு இருந்ததைவிடச் சின்னதாக இருந்தாலும் நூல் இல்லை, நார் இல்லை. என் செடி, நான் தேர்ந்தெடுத்தது, நான் சொன்ன நிழலில் பூத்துவிட்டது. தெருவே கேட்கிற மாதிரி நடந்தேன். அன்றோடு அப்பாவின் வாக்கிங்கும் நின்றது.

அந்த வாரம் பள்ளிக்கூடம் போகும்போது மூன்றாவது வீட்டு டீச்சர் தன் வீட்டு கேட் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"அப்பா ஏம்மா இப்பல்லாம் வர்றதில்ல? பொங்கலன்னைக்கு சாயங்காலம் வீடு தேடி வந்து, அன்னைக்குக் கேக்காம பறிச்சது தப்புதான் டீச்சர், தெனம் அஞ்சு பூ குடுங்கன்னு கேட்டாரு. நானும் விடியறதுக்குள்ள பறிச்சு வச்சுடுவேன். நாலு நாளா பூவு அப்படியே கெடக்குது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "எங்க வீட்லயே பூக்குது டீச்சர். இனிமே வர மாட்டாரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தேன். மூன்று செடி வைத்துப் பூக்க வைத்துக் கொடுத்தும், போதாமல் அந்த வாசலில் போய்க் கை நீட்டி நின்றிருக்கிறாரே என்று எனக்கு அப்படிக் கோபம். அந்த வாரம் முழுக்க அப்பாவோடு நான் பேசவில்லை.