வாசல் கேட்டுக்குப் போட்ட எண்ணெய்

எங்கள் வீட்டு இரும்புக் கேட் சத்தம் போடாது. தெருவில் மற்ற கேட்டெல்லாம் பால்காரர் கை வைத்தவுடன் ஊரையே எழுப்பிவிடும். எங்களுடையதை ஒரு விரலால் தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு திறக்கும். "கேட்டுக்கு என்ன போடுறீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். கார் இன்ஜினுக்கு ஊற்றும் சிந்தெடிக் ஆயில் என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் காருக்காகத் தஞ்சாவூரில் தேடி வாங்கி, பரணில் பத்திரமாக வைத்திருந்த எண்ணெய் அது. கேட்டின் கீலும், மோட்டார் கொட்டகைக் கதவும், என் கணவருடைய சைக்கிள் சங்கிலியும் அதைப் பங்கு போட்டுக் குடித்தன. மிச்சம் இன்னும் கேனில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று, கீலுக்கு நாலு சொட்டு விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் மூத்தார், அதாவது என் கணவருடைய அண்ணன். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எங்கள் ஊரில் ஓர் ஆள் கிடைக்கமாட்டார். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். மேட்டூர் திறக்காமல் வாய்க்கால் காய்ந்து கிடந்த ஒரு வருடம், வயலில் இருந்த பழைய டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ஓடவைத்து, எங்கள் நெல்லோடு பக்கத்து வயல்காரர்களின் நெல்லையும் காப்பாற்றினார். பம்புசெட், டிராக்டர், பவர் டில்லர் எதுவானாலும் அவருக்கு ஒரே பரிசோதனைதான். எண்ணெயைத் தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நாற்றங்கால் சேற்றைப் பார்ப்பதும் அதே இரண்டு விரலால்தான். "கொழகொழன்னு இருக்கணும். தண்ணியா ஓடுச்சுன்னா இன்ஜின் தேஞ்சு போயிடும்" என்பார். அந்த வயல் இன்ஜின்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் குற்றம் சொல்ல முடியாது.

அவரும் நானும் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை எதுவும் இல்லை. தம்பி மனைவியிடம் மூத்தார் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டு வழக்கத்தில் கிடையாது, அதற்குப் பெயர் மரியாதை. கூடத்தில் அவர் உட்கார்ந்தால் நான் சமையலறை நிலைப்படிக்கு உள்ளே போய்விட வேண்டும். தாகம் எடுத்தால் அவர் என் கணவரைப் பார்த்து, "தண்ணி கொண்டாரச் சொல்லுப்பா" என்பார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் என்னிடம் கணவர் திரும்பி, "அண்ணனுக்குத் தண்ணி" என்பார். பள்ளிக்கூடத்தில் மீசை முளைத்த பையன்களை ஓர் அதட்டலில் உட்காரவைக்கிற இயற்பியல் ஆசிரியை நான். வீட்டுக்குள் வந்தால் எனக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஏதோ வெளிநாட்டுப் பிரதமர் மாதிரி. அந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு குணம் உண்டு. எதைச் சொன்னாலும் காரத்தை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் பரிமாறுவார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர் வாங்க அது போதும்.

எனக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது கிடைத்த பள்ளி கீழ்வேளூரையும் தாண்டி இருந்தது. எங்கள் ஊர் தாராசுரத்துக்குப் பக்கம். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏறவேண்டும், காலை வழிபாட்டு மணிக்குள் போய்ச் சேர வழியே இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கடன் போட்டுக் கார் வாங்கினேன், ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வயலுக்கு நடுவில் போகும் ரோட்டில், விடிந்தும் விடியாத நேரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டுத் தனியாகப் போவேன். அந்தக் காருக்குள் என்னிடம் சொல்லவேண்டியதை யாரும் இன்னொருவர் மூலம் சொல்ல வேண்டியதில்லை.

காரோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் அது. வால்வுகளை ஓட்டும் ரப்பர் பெல்ட் வெளியே இல்லாமல், உள்ளே எண்ணெயிலேயே நனைந்து ஓடும் ரகம். அதற்கென்று மெல்லிய சிந்தெடிக் ஆயில் ஒன்றுதான் ஊற்ற வேண்டும், கேனில் ஜீரோ டபிள்யூ இருபது என்று போட்டிருக்க வேண்டும், அதோடு கார்க் கம்பெனி சொன்ன தர எண்ணும் இருக்க வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றினால் பெல்ட் ஊறி உதிர்ந்துவிடும். கடையில் வேறு கேனைக் காட்டி, "இதுவும் சிந்தெடிக்தான் மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை என்று சொல்லிவிட்டு, அந்த எண் இருக்கும் கேன் கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கினேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. அன்று காலை வீட்டு இன்ஜின் அத்தனைக்கும் பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, புதிதாக உடைத்த ஒரே பேரலிலிருந்து மூத்தார் தன் கையால் ஊற்றுவார். ஒரு வீட்டு ஆட்கள் ஒரே பானைச் சோறு சாப்பிடுகிற மாதிரி அவருக்கு அது. எனக்கு அது தெரியும். அதனால் இரண்டு நாள் முன்பே கணவரிடம் சொன்னேன்: "உங்க அண்ணன்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. என் கார்ல கை வைக்க வேணாம். அதுக்கு வேற ஆயில், பரண்ல இருக்கு, நான் சர்வீஸ்ல மாத்திக்கிறேன்." அவர் தலையாட்டினார். பூஜை அன்று காலையில் பள்ளியிலும் பூஜை வைத்திருந்தோம். அன்றைக்கு மட்டும் சக ஆசிரியை ஒருவர் வந்து தன் காரில் என்னை அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது என் கார் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு நின்றது. மூத்தார் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "அண்ணன் எல்லாம் பாத்துட்டாரு" என்றார் கணவர். கழுவியதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பரணில் கேன் இல்லாததை நான் பார்க்கவில்லை. பரணில் ஏறிப் பார்க்க எனக்குக் காரணமும் இல்லை.

அறுவடை முடிந்து தை பிறந்த சமயம். ஒரு மாலை, பள்ளியிலிருந்து திரும்பி வருகிறேன். இருபக்கமும் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய்க் குடம் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஓரம் கட்டுவதற்குள் ஏதோ கடகடவென்று அடித்து, இன்ஜின் நின்றுவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனோம். அங்கே அடிப்பாகத்தைத் திறந்தார்கள். பெல்ட் துணுக்கு துணுக்காக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்திருந்தது. "டிராக்டருக்கு ஊத்துற ஆயில் மேடம் இது. யாரு ஊத்துனது? வாரண்டி வராது" என்றார்கள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அன்று அண்ணனிடம் என்ன சொன்னீர்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டேன். கடைசியில் வாயைத் திறந்தார். "கை வைக்காதேன்னு அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? காருக்கு நல்ல ஆயிலா வேணுமாம்ணே, அப்படின்னு சொன்னேன்." அவ்வளவுதான். தம்பி மனைவி வாய்விட்டு ஒன்று கேட்டிருக்கிறாள், அதுவும் நல்ல எண்ணெய். மூத்தார் புதுப் பேரலை உடைத்து, டிராக்டருக்குக் கூட ஊற்றாமல், முதல் எண்ணெயை என் காருக்கு ஊற்றியிருக்கிறார். காரிலிருந்து வடிந்ததையும் பரணிலிருந்து இறக்கிய கேனில் இருந்ததையும் விரலில் தேய்த்துப் பார்த்து, தண்ணீராக இருக்கிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்காக வருத்தப்பட்டு, கேனைக் கேட் கீலுக்கு ஒதுக்கியிருக்கிறார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்படவும் விடாமல் செய்துவிட்டார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புது இன்ஜின் வாங்க அடுத்த அறுவடை வரட்டும் என்றார்கள். அடுத்த அறுவடையை மழை கொண்டுபோனது. அதற்கடுத்தது டிராக்டர் டயருக்குப் போனது. கீழ்வேளூரிலேயே வீடு எடுத்துத் தங்குகிறேன் என்றேன். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் கணவர். என்னவென்று கேட்டாரோ, வேண்டாமென்று பதில் வந்தது. கொஞ்ச நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். வழிபாடு முடிந்த மைதானத்தில், தாமதமாக வந்த பிள்ளைகளோடு பிள்ளையாகத் தலைமையாசிரியை உள்ளே நுழைந்தால் யார் மதிப்பார்கள்? பதவி இறக்கம் கேட்டு நானே எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்குப் பழையபடி ஆசிரியையாக வந்து, அப்படியே ஓய்வும் பெற்றேன். மூத்தாரிடம் கணவர் சொன்னது, கம்பெனிக் கோளாறு என்று. "நம்ம ஆயில் ஊத்துனதாலதான் அத்தனை நாளாவது ஓடுச்சு" என்று மூத்தார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறை நிலைப்படிக்கு உள்ளே நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் இன்னும் மோட்டார் கொட்டகையில் நிற்கிறது. அதற்கும் வருடா வருடம் சந்தனம் வைக்கிறார்கள். இந்த வருடம் மூத்தாரால் குனிய முடியவில்லை. ஆயுசு முழுக்க இன்ஜின் சத்தத்தில் நின்றதில் காதும் மந்தமாகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் கேட் கீலுக்கு அந்தக் கேனிலிருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் கோலத்தில் விழுந்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஊரில் யாரோ புதுக்கார் வாங்கி வந்து, எந்த எண்ணெய் ஊற்றவேண்டும், எது கூடாது என்றெல்லாம் அவரிடம் விளக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மூத்தார் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக, நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வேற ஆயிலுன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா. நான் ஊத்தியிருக்க மாட்டேனே."

நான் இலையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். "நீங்க என்கிட்ட பேசியிருந்தா நானும் சொல்லியிருப்பேன் அத்தான். அந்த ஆயில்ல என் ஹெச்.எம். வேலையே போச்சு" என்றேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். பழக்கம் விடுமா? தம்பி பக்கம் திரும்பி, "என்னப்பா சொல்றா?" என்று கேட்டார்.

கணவர் கீலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்லண்ணே. பூஜைக்கு நேரமாச்சு, உள்ள வரச் சொல்றா."

மூத்தார் சரியென்று தலையாட்டி, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே கணவரும் போனார். நான் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். நான் போனது உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.