பீரோவுக்குள் இருந்த மைக்ரோஸ்கோப்

சயின்ஸ் டீச்சர் உத்தியோகம் என்பது இல்லாத சாமானை இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடம் நடத்துவது. சாக்பீஸ் பிடித்த உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

நேரில் பார்த்தீர்களா?

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையோரத் தளிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். வெங்காயத்தோல் செல்லைப் போர்டில் வரைந்தேன். செங்கல் சுவர் மாதிரி வந்தது. பத்தாம் வகுப்பு ரத்னா எழுந்தாள். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், வாயில் எப்போதும் ஒரு கேள்வி. "மிஸ், இதை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்றாள். காலேஜில் பார்த்தேன் என்றேன். "அப்ப நாங்க?"

ஹெச்.எம்.மிடம் போனேன். மைக்ரோஸ்கோப் இருக்கிறதாம்! பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில். நல்ல மனுஷர்தான், ஆனால் ஆடிட் என்றால் தூக்கம் போய்விடும். "உடைஞ்சா யாரு பதில் சொல்றது டீச்சர்? பத்திரமா இருக்குதில்ல, இருக்கட்டும்" என்றார்.

அப்பா வந்தார்

ரத்னாவுக்குப் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டும். அதற்கு ஓசூர் போகவேண்டும். கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அப்பா முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண் பிள்ளை என்பதாலா என்று கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க மேடம். படத்தைப் பார்த்தே சயின்ஸ் படிச்ச புள்ள. அங்க போய் திருதிருன்னு முழிக்கும். ஃபெயிலாகி வந்து அழுதா யாரு பார்க்கறது?"

வராண்டாவில் வெயில்

மறுநாள் ஹெச்.எம்.மை விடவில்லை. உடைந்தால் என் தலையில் என்றேன். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அவரே தூக்கி வந்தார். வராண்டாவில் வைத்து, அதன் அடியிலிருந்த கண்ணாடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். சத்துணவுக் கூடத்தில் வெங்காயம் வாங்கி உள்தோலை உரித்து ஸ்லைடில் வைத்தேன்.

ரத்னா குனிந்தாள். முதலில் தெரிந்தது அவளுடைய கண்ணிமை முடிதான். கொஞ்சம் திருகியதும், "அய்யய்யோ!" என்று ஒரு கத்தல். "மிஸ், புக்குல எல்லாம் ஒரே அளவா இருக்கு, இங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே! எது தப்பு?" புத்தகம்தான் என்று சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

வரிசையின் கடைசியில் ஹெச்.எம். நின்றார். கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர், மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்ததே இல்லையாம். மணி அடித்தும் நிமிரவில்லை. "சித்த இருங்க டீச்சர், இப்பத்தான் தெரியுது."

டி.சி. வாங்கும் நாள்

ரிசல்ட் வந்தது, ரத்னா பாஸ். டி.சி. வாங்க அப்பாவும் மகளும் வந்தார்கள். எந்த குரூப் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அப்பா மகள் மூஞ்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சயின்ஸே சேர்த்துடறேன் மேடம். அன்னைக்கு வெங்காயத்துல பார்த்ததையே இன்னும் வீட்ல சொல்லிட்டிருக்குது. ஆனா ஒண்ணு, அந்த ஸ்கூல்ல புள்ளைங்களைத் தொட்டுப் பார்க்க விடுவாங்களா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

விசாரித்தேன், விடுவார்களாம், ரத்னா சேர்ந்துவிட்டாள், இங்கே என்னைக் கேள்வி கேட்டுத் திணறடிக்க ஆளில்லாமல் எனக்குத்தான் வகுப்பு சப்பென்று போகிறது.