செவ்வரத்தம்பூவும் அண்ணையின் செம்புத் தண்ணியும்

கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கிற வினாகிரியை விற்கிறவனுக்கு நல்ல பெயர் கிடையாது. போத்தலைத் திறக்க முன்னமே தண்ணி கலந்ததென்பார்கள். இந்தத் தொழிலில் என்னைப்போல வீடு வீடாய்ச் சைக்கிள் மிதித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சுடுதண்ணியில் ஊறவைத்த செவ்வரத்தம்பூச் சாற்றைக் கூடவே கொண்டு திரிவேன். புளிப்புப் பட்டால் அது சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணி பட்டால் நீலமாகும்.

குருநகர் வீடு

மீன் அச்சாறு போடுகிற ஒரு அக்கா, என் வினாகிரி பச்சைத் தண்ணியென்று வாசலிலேயே மறித்தார். அவருடைய கிளாசிலேயே ஊற்றிச் சாற்றை விட்டேன். ஊதாச் சாறு இரத்தமாய் மாறியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

"வினாகிரி வேணும். உந்தக் கிளாசை மட்டும் கொண்டுபோய் வெளியிலை எறியும்."

பங்குக் கிணறு

வேலியை ஒரு முழம் என் பக்கம் தள்ளிப் போட்டவர் என் அண்ணை. அதை நான் மறக்கப் போவதில்லை. கிணறு மட்டும் இருவருக்கும் பொது.

கண் பார்வை போய்ப் படுக்கையில் விழுந்தபின், அவர் தண்ணி குடிக்க மறுத்தார். தண்ணி புளிக்கிறதாம், நான் கிணற்றில் ஏதோ ஊற்றிவிட்டேனாம். உதடு வெடித்துப்போன நிலையிலும் வேலிக்குக் கேட்கக் கத்தினார்.

"எடேய், புளிப்பு விக்கிறவன் நீதானே! வந்து உன்ரை பூவைப் போட்டுச் சொல்லு!"

இரண்டு கிளாஸ்

அண்ணையின் கட்டிலடிக்குப் போய், கிணற்றில் அள்ளிய தண்ணியில் சாறு விட்டேன். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக் கிணற்றுத் தண்ணிக்கு எப்போதும்போல நீலம் பாய்ந்தது. அவருடைய தலைமாட்டுச் செம்பிலிருந்து ஊற்றியதில் விட்டேன். சிவந்தது. மணந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. புளிப்பென்று பூ சொல்லும், என்ன புளிப்பென்று சொல்லாது.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், பக்கத்தில் நின்றார். தேசிக்காய் பிழிந்து விட்டீர்களோ என்று கேட்டேன். அவர் செம்பை எடுத்துப்போய் வாழையடியில் கவிழ்த்துவிட்டு வந்து, சிரித்தபடி மெல்லச் சொன்னார்.

"கண் தெரியாத மனிசனுக்கு நிறத்தைச் சொல்ல வேணுமே, தம்பி?"

நிறம் கேட்டவர்

அண்ணை என் கையைப் பிடித்து நிறத்தைக் கேட்டார். அவருக்காகப் பொய் சொல்ல எனக்கென்ன கடமை? கிணறு நீலம், செம்பு சிவப்பு என்றேன். மச்சாள் கதவு நிலையில் நின்று கண் வெட்டாமல் என்னையே பார்த்தார்.

புதிதாய் அள்ளி வந்து, நான் பாதி குடித்து, மிச்சத்தை அண்ணையின் வாயில் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"நீ நஞ்சு வைச்சாலும் சொல்லிப்போட்டுத்தான் வைப்பாய். உவள் சொல்லமாட்டாள்."

அண்ணையோடு எனக்கு இன்றைக்கும் கதை பேச்சில்லை. இரண்டு வேளையும் தண்ணி மட்டும் கொண்டுபோகிறேன், மச்சாளும் சிரித்தபடி கதவைத் திறந்துவிடுகிறார்.