கயிற்றைக் கடித்துக் கேட்ட கேள்வி

என் மருமகளுக்குப் படகு வேலை எப்படிக் கிடைத்தது என்று தெரிந்து நீ என்ன செய்யப்போகிறாய்? சொந்த வேலையைப் பார்க்கத் துப்பில்லை, அடுத்த வீட்டுக் கதை மட்டும் வேண்டும். சரி, கேட்டுத் தொலை.

நாங்கள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். போன மழைக்காலத்தில் சிப்பி கிழித்து மருமகளின் விரல் சீழ் பிடித்தது. ஆறியதும் மறுபடி கிழிந்தது. "இனிமே தண்ணியில கை வெச்சா விரல் போயிடும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். அப்போதுதான், பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போக ஒரு பெண் தேவை என்று தெரிந்தது. இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்க வர வேண்டுமாம்.

அதுவரை சோறு? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுவந்த இங்கிலீஷ் படிப்பும் அங்கேயேதான். "டூ யூ வான்ட் டு சீ" என்று வாயைத் திறந்தாள். பறி நழுவிக் கவிழ்ந்தது. இறாலெல்லாம் ஏரிக்கே போய்விட்டது.

"அத்தே, ஒருத்தரப் பத்திக் கேட்டா 'டஸ்', நாலு பேருன்னா 'டூ'. முன்னாடி அதப் போட்டாத்தான் கேள்வியாம்."

"ஒண்ணு புடிச்சாலும் இறாலு, ஒரு கூடை புடிச்சாலும் இறாலு. இதுக்கு இன்னாத்துக்குடி ரெண்டு வார்த்தை? தலையக் கிள்ளிப் போட்டுட்டு மீதியக் கேளு."

கிள்ளினாள். "யூ சீ பேர்டு?" பல்லைத் திறக்காமலே வந்தது. பறியும் விழவில்லை.

பரீட்சை நாளில் வேலை கொடுக்கிற அம்மா இரண்டு விருந்தாளிகளோடு படகில் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். நடு ஏரிக்கு வந்தும் மருமகளுக்குப் பேச்சே வரவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஒரு கிள்ளு வைத்தேன். சட்டென்று படகில் கிடந்த கயிற்றை எடுத்துப் பல்லில் கடித்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"யூ சீ பேர்டு? யூ லைக் போட்டு? யூ ஈட் நண்டு?"

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எஸ், எஸ்! வேர் இஸ் த பேர்ட்ஸ்?" என்றார் ஒருவர்.

மருமகள் என் காதில், "அத்தே, பேர்டு நெறைய இருக்குதே, 'வேர் ஆர்'னு இல்ல கேக்கணும்? அவங்களுக்கே தெரியல" என்றாள்.

"சொம்மா இருடி. நீ கயித்தக் கடி."

வேலை கொடுக்கிற அம்மா என்னைப் பார்த்து, "நல்லாத்தான் பேசறாங்க. ஆனா வாயில என்னம்மா கயிறு?" என்றார்.

"பல்வலி மேடம்" என்றேன்.

"பாவம். நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு, அடுத்த நாளே வேலைக்கு வரட்டும். கயிறு மட்டும் வேண்டாம்."

சொத்தையில்லாத பல்லைக் காட்ட மறுநாள் பஸ் ஏறிப் போய்வந்தாள். தெருவே வாசலில் கூடிவிட்டது. "பல் டாக்டராண்ட இன்னாத்துக்குப் போனா?"

"இங்கிலீஷ் வேலைன்னா சும்மாவா? பல்லு முப்பத்திரண்டும் இருக்குதான்னு எண்ணிப் பாத்துத்தான் சேத்துக்கிறாங்க" என்றேன்.

ஒருத்தி அங்கேயே வாய்க்குள் விரலை விட்டு எண்ண ஆரம்பித்தாள்.