லுப்ளினுக்குக் கிட்ட

மருமகனாக வரப்போகிறவன் போலந்துக்காரன் என்பதைக் குணேஸ்வரி ஒருமாதிரிச் சமாளித்துவிட்டாள். அவன் எந்த ஊர் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இல்லாததுதான் அவளின் உயிரை வாங்கியது.

கொண்டாவிலில் பிறந்தவள். முப்பது வருசமாகப் பிரெஞ்சு பேசும் கார்ட்டியர்வில்லில் இருந்துகொண்டு, பியர்பொன்ட்ஸில் ஒரு கார்டெறியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின், குசினியில் சமைக்கிறாள். யாரைக் கண்டாலும் முதலில் ஊரைக் கேட்பாள். ஊர் தெரிந்தால் குறிச்சி, குறிச்சி தெரிந்தால் வீடு. மகள் நிருஷா கூட்டிவந்த மாரெக்கிடமும் அதையே கேட்டாள். "லுப்ளினுக்குக் கிட்ட" என்றான். மூன்று வயதில் இங்கே வந்தவன். தாயும் தகப்பனும் இப்போது இல்லை. அதற்குமேல் அவனுக்கே தெரியாது.

கலியாணப் பதிவுக்குப் பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டபோதுதான் பழைய கடதாசி ஒன்றிலிருந்து ஒரு பெயர் வெளியே வந்தது: தெம்போவிட்சா. அதுவும் ஊரில்லையாம், பதினெட்டுக் கிராமங்களுக்குப் பொதுவான பிரதேச சபையாம். சபையின் இணையப் பக்கத்தை நிருஷா தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். நாலாயிரத்துச் சொச்சம் சனம். மூன்றில் ஒரு பங்கு காடு. மிச்சம் உருளைக்கிழங்கும் செரிப்பழத் தோட்டமும். இரண்டு பள்ளிக்கூடம், மரத்தால் கட்டிய ஒரு தேவாலயம். கழிவுநீர்க் குழாய் எத்தனை கிலோமீற்றர் என்பதுகூட இருந்தது.

"குழாயை அளந்தவையளுக்கு, அங்கை இருக்கிற ஒரு மனுசன்ரை பேர் எழுதத் தெரியேல்லையே?" என்று குணேஸ்வரி எரிந்து விழுந்தாள்.

பிறப்புப் பத்திரம் கேட்டு மாரெக் சபைக்கு எழுதினான். பதினெட்டில் எந்தக் கிராமம் என்று கேட்டுப் பதில் வந்தது. தெரியாது என்று எழுதினான். திரும்பவும் அதே கேள்வி. ஆறு கிழமை இப்படியே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போக முதல், அவனை வரவழைத்து மேசையில் இருத்தினாள். "தம்பி, எழுதினது காணும். போன் எடுத்துக் கதையும்."

நிருஷா மொழிபெயர்க்க முதலே அவனுக்கு விளங்கியது. தெரிந்த அரைகுறைப் போலிஷில் கதைக்கத் தொடங்கினான். போனில் அந்தப் பக்கத்துச் சபைப் பெண் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். குணேஸ்வரியின் பஸ் போய்விட்டது. அவன் போனை வைத்ததும், அந்தப் பெண் என்னதான் கேட்டாள் என்று குணேஸ்வரி விசாரித்தாள்.

"அப்பாவின் பெயர். பிறகு தாத்தாவின் பெயர்," என்றான் மாரெக் பிரெஞ்சில். "பிறகு, குளத்தடி வீட்டுப் பிள்ளையோ என்று கேட்டாள்."

"இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே," என்றாள் குணேஸ்வரி.

வீட்டைக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், பத்திரத்தை அந்தக் கிழமையே அனுப்புவதாகச் சொன்னார்களாம். மாரெக்தான் அவளைக் காரில் வேலைக்குக் கொண்டுபோனான். தாத்தாவைப் பற்றிப் போனில் கேட்டதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான், அதுவும் வேகமான பிரெஞ்சில். அவளுக்குப் பாதி விளங்கவில்லை, நேரமும் பிந்திவிட்டது. என்றாலும் கதையை நிறுத்தச் சொல்லவில்லை.