சராசரி மழையும் முத்துமாரியும்

இன்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவி முத்துமாரியைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் புதுக் கணக்கு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, நான் சராசரிப் பாடம் நடத்தி முடித்திருந்த ஒன்பதாம் வகுப்பிடம் கேட்டார்.

“ரெண்டு வருஷத்துச் சராசரி மழை நல்லாருக்கு. அப்ப ரெண்டு வருஷமும் வெள்ளாமை நல்லாருந்திருக்கும், இல்லையா?”

“ஆமா சார்” என்றது மொத்த வகுப்பும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து முத்துமாரி எழுந்தாள். என் வகுப்பில் வாயே திறக்காத பரளச்சி ஊர்ப் பிள்ளை.

“இல்ல சார். போன வருஷம் மழையே இல்ல, கம்பு கருகிருச்சு. இந்த வருஷம் கொட்டித் தீத்துருச்சு, பருத்தி அழுகிருச்சு. கூட்டி வகுத்தா நல்ல மழைதான். எங்க வீட்டுக்கு ரெண்டு வருஷமும் ஒண்ணும் வரல.”

அதிகாரி என் பக்கம் திரும்பி, “புரியும்படி நடத்தியிருக்கீங்க டீச்சர்” என்றார். அன்று மதியம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்று அதைச் சொல்லி, “அன்னைக்கு நீதான் சராசரியப் புரிஞ்சு வச்சிருந்த” என்றேன்.

முத்துமாரி சிரித்தாள். “எனக்கு எங்க கணக்கு வந்துச்சு டீச்சர்? நீங்க அழுதுருவீகளோன்னு பயந்து, எங்க வீட்டுல நடந்ததச் சொன்னேன்.”

இத்தனை வருடமும் நான் நன்றாக நடத்தியதாக நினைத்திருக்கிறேன். உங்களில் யாரெல்லாம் இப்படி டீச்சரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்?