முட்டை படாத வட்டங்கள்

இப்போதும் பிள்ளைகளுக்கு முட்டை ரொட்டி சுடும்போது, டம்ளரைக் கவிழ்த்து ரொட்டியின் நடுவில் ஒரு அமுக்கு அமுக்கி வட்டமாக வெட்டி எடுப்பேன். அந்த ஓட்டையில்தான் முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். இது அண்ணியிடம் கற்றது. டோஸ்டர் இருக்கிற வீட்டில் தோசைக்கல் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் கேட்கமாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. திருக்கழுக்குன்றத்துப் பக்கம், நெல் பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. கல்பாக்கத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், கோவளத்துப் படகுக்காரர் மகளை, மாதா கோயிலுக்குப் போகிற பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்பா சண்டை போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணியிடம் வாயைத் திறக்காமல், அண்ணி கை பட்ட எதையும் தொடாமல், அம்மா ஆக்கி அம்மா போட்டால் மட்டும் சாப்பிட்டார். சம்பந்தி வீட்டார் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. "நான் இந்த வூட்டு மருமவளா, வாடகைக்குக் குந்திகினு கீறேனா, அத்தச் சொல்லிட்டா போதும்" என்று அண்ணி ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அந்த வருஷத்து மழையில் அம்மா ஜுரத்தோடு படுத்துவிட்டாள். அடுப்படி அண்ணியிடம் வந்தது. அன்று ராத்திரி அப்பா, "கடையில துன்னுட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "காலையிலயும் அவரு துன்னாம போனாருன்னா நாங்க கோவளத்துக்கே மூட்டயக் கட்டிடறோம். பெத்தவரப் பட்டினி போட்டுட்டு இங்க இன்னாத்துக்குக் கீறது?"

விடிந்தபோது கரண்ட் இல்லை, அரைத்த மாவும் இல்லை. எங்கள் வீட்டில் பாக்கெட் ரொட்டி வந்தால் யாருக்கோ ஜுரம் என்று அர்த்தம். அம்மாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய துண்டுகளை எல்லாம் அண்ணி எடுத்தார். எங்கள் கோழி இட்ட முட்டைகளை எடுத்தார். கல்லில் நெய் உருகியது. ஓட்டைக்குள் விழுந்த மஞ்சள் கரு குலுங்கிவிட்டு அப்படியே அடங்கியது. காய்ச்சல் பண்டத்தை இவ்வளவு அழகாக நான் அதுவரை பார்த்ததில்லை.

பசி அப்பாவைக் கூட்டிவந்து உட்கார வைத்தது. தட்டு அவர் முன்னால் வந்த பிறகுதான் அம்மா பாயிலிருந்து முனகினாள்: "அடியே, இன்னிக்குப் பொரட்டாசி பொறந்துடுச்சே."

நாங்கள் எல்லாம் புரட்டாசியில் சனிக்கிழமை மட்டும் கவிச்சி தொடமாட்டோம். அப்பாவுக்கு மாதம் முழுக்க விரதம், முட்டையும் ஆகாது. அதை அண்ணியிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் முகம் செத்துப்போனது. அப்பா தட்டைத் தள்ளவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை.

அண்ணி பதறவில்லை, அழவில்லை. தட்டை எடுத்து அப்பால் வைத்தார். கையைக் கழுவினார். வெட்டி ஒதுக்கிய வட்டங்களை இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாக நெருப்பின் மேலேயே காட்டினார். கல்லில் முட்டை பட்டிருக்கிறது, அதில் வைக்கக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பேச்சே இல்லாத ஒரு மனிதரை அவர் எத்தனை உன்னிப்பாகப் படித்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரை தூவி வேறு தட்டில் வைத்தார்.

"வெட்டிப் போட்டதயா அவருக்கு வெக்கிற?" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

அப்பா அந்தக் குட்டி வட்டங்களைப் பார்த்தார். "இன்னா இது, ரொட்டி குட்டி போட்டுகீதா?"

அண்ணி சர்க்கரை டப்பாவை மூடினார்.

"முட்ட படாதது இதான் கீது, மாமா."

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. ஓட்டின் மேல் மழைச் சத்தம்; அதற்கு நடுவே அவர் ரொட்டியை மெல்லும் சத்தம். தட்டு காலியானது.

"உங்க நைனா இந்த மழையில கடலுக்குப் போறாரா?"

"இல்ல மாமா. வூட்லதான் கீறாரு."

அப்பா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டினார்.

"அப்ப வரச் சொல்லு. பொரட்டாசி முடிஞ்சி வந்தாருன்னா கோழி அடிக்கலாம். இப்பவே வந்தாருன்னா சாம்பாருதான், சொல்லிடு."